தாவின் விழுங்கிய மாத்திரைகள்

கோன் கேன்,
மே 4

கம்சிங்குக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. என் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பேச முடிந்திருந்தால் சிறைக்கே வந்து கத்தியிருப்பேன்.

போதையில் இருந்ததாகவும் ஒன்றும் நினைவில்லை என்றும் போலீஸில் சொல்லியிருக்கிறாயாம். நான் நினைவுபடுத்துகிறேன்.

தாவின் செத்து இரண்டாம் நாள். நம் தம்பியின் சவப்பெட்டி வீட்டுக்குள் இருந்தது. பிக்குகள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூடத்து ஓரத்தில் பெண்கள் நாங்கள் லாப் கறி செய்ய இறைச்சி கொத்திக்கொண்டிருந்தோம். அப்போது டாக்டர் பிசித் மலர்வளையத்தோடு வந்தார். தாவின் சேர்ந்திருந்த, நான் தாதியாக வேலை பார்க்கும் அவருடைய மருந்து ஆய்வைப் பற்றி யாரோ கேட்டார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார். பித்தக்குழாய்ப் புற்றுக்கு வழக்கமாகப் போடும் ஊசி எல்லோருக்கும் உண்டு. கூடவே ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அது புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.

நீ எழுந்து வந்தாய். சின்ன வயசில் எனக்கு நீ வைத்த பட்டப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாய். வாயெல்லாம் சாராய நாற்றம்.

"ஏய் எலி, என் தம்பிக்கு எதடி குடுத்த? மருந்தா, மாவா?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"நீதான குடுத்த?"

"நான்தான் குடுத்தேன். எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. குப்பி மேல நம்பர்தான் இருக்கும்."

"மாவுன்னு சொல்லு. சொல்லுடி, மாவுன்னு சொல்லு!"

மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் தெரியாது என்றேன். பதினாலு வருஷம் மேடை மேடையாகக் குத்துச்சண்டை போட்ட கையால் குத்தினாய். எலும்பு உடைகிற சத்தம் காதுக்கு வெளியில் அல்ல, உள்ளே கேட்டது. பிறகு கத்தி. டாக்டர் நடுவில் கையை விட்டார். அவருடைய வலது உள்ளங்கை எலும்பு வரை அறுந்துவிட்டது. உன்னை இழுத்துக்கொண்டு போனபோது உதைத்தாயே, தாவினின் பெட்டி முக்காலியிலிருந்து சாய்ந்து, அவன் தலை பலகையில் மோதியது எல்லோருக்கும் கேட்டது.

எத்தனையோ பேரின் ஈரலை அறுத்துப் புற்றை எடுத்த கை அது. இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார்கள்.

நான் வரமாட்டேன். பதில் எழுதாதே.

லம்யொங்


மாகாணச் சிறை,
மே 21

எலிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இங்கே வேறு வேலை இல்லை.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. போலீஸ்காரன் நான்கு மணி நேரம் அதே கேள்வியைக் கேட்டான், வாயை மூட அப்படிச் சொன்னேன். கத்தி என்னுடையது. கொண்டுவந்தது நான், வீசியது நான். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதற்குமேல் கத்தியைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். உனக்குத்தான் கம்பி கட்டியிருக்கிறதே, நல்லதாகப் போயிற்று.

அப்பா மஞ்சளாகிச் செத்தார். பெரியப்பா மஞ்சளாகிச் செத்தார். அதே ஏரி மீன், வேகவைக்காமல் கொத்திப் பிசைந்து தின்னும் அதே பச்சை மீன் கொய். நீ தாதிப் படிப்புப் படித்துவிட்டு வந்து, மீனில் புழு இருக்கிறது, அது ஈரலுக்குள் போய்ப் புற்றாகிறது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினாய். சரி. ஆனால் தாவினுக்கு வந்தபோது என்ன செய்தாய்? கூடப் பிறந்தவனுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்து கொடுத்தாய். நாய்க்குக்கூட யாரும் அப்படிக் கொடுக்கமாட்டார்கள்.

நாற்பத்தெட்டுப் பேர் ஒரு அறையில் படுக்கிறோம். ஒருவன் மேல் ஒருவன் கால். நேற்று ஒருவன் சொன்னான்: "டாக்டரக் குத்திட்டு வந்த வீரன் இவன்தான். உன் தம்பிக்கு மாவாமே? பலகாரம் சுட்டுக் குடுத்தாங்களா?" அவன் மூக்கை உடைத்தேன். காவலர்கள் என் முதுகைப் பிளந்தார்கள். பரவாயில்லை.

அந்த மாத்திரை மாவுதானே? அதை மட்டும் எழுது. உனக்குத் தெரியாமல் இருக்காது.

கம்சிங்


கோன் கேன்,
ஜூன் 26

கம்சிங்குக்கு,

கம்பியை அவிழ்த்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நம் ஊரில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போன செவ்வாய் எங்கள் ஸ்கேன் வண்டி ஊருக்குள் போயிற்று. கோவில் வாசலில் நிறுத்தியதுமே கல் விழுந்தது. "நம்மள சோதனை எலியாக்கப் பாக்குறாங்க! கம்சிங் தம்பிய மாவு குடுத்துக் கொன்னவங்க இவங்கதான்!" என்று கத்தியது நம் சொந்தக்காரர்கள்தான். டிரைவர் நுவத்துக்கு மண்டை பிளந்து பதினோரு தையல். இரண்டு பேர் இயந்திரத்தைத் தூக்கி வயலில் போட்டுத் தடியால் அடித்தார்கள். அந்த வண்டியில் ஏற வேண்டியவர்கள் அறுபத்திரண்டு பேர். அவர்களில் யார் ஈரலில் புள்ளி இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. மஞ்சளான பிறகு தெரியும். அப்போது பயனில்லை.

உன் கேள்விக்குப் பதில்: எனக்குத் தெரியாது. பொய்யில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. தெரிந்து கொடுத்தால் நமக்குப் பிடித்தவனுக்கு நல்லதைக் கொடுப்போம், நன்றாக இருப்பதாக நாமே எழுதிக்கொள்வோம். தாவினுக்கு இதை முழுசாக விளக்கினேன். கையெழுத்துப் போடும்போது சிரித்தான். "அக்கா, லாட்டரில எனக்கு ஒரு தடவகூட விழுந்ததில்ல. இதுலயாவது விழட்டும்" என்றான்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுப்பான். நான் கவிழ்த்துப் பார்ப்பேன். முதல் மாதம் உள்ளங்கையும் பாதமும் வெடித்துக் கொப்புளமாயிற்று. வழக்கமான ஊசியாலும் அப்படி ஆவதுண்டு, அதை வைத்து மருந்தா மாவா என்று சொல்ல முடியாது. இரண்டாம் மாதம் ஆறிவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன். ஒரு மாத்திரைகூட மிச்சம் வைத்ததில்லை அவன். இந்த ஆய்விலேயே என் தம்பியைப்போல ஒழுங்காக விழுங்குகிறவன் கிடையாது என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டேன். அப்படி விழுங்கியும் நான்காம் மாதம் கட்டி இரண்டு மடங்காயிற்று.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அடித்ததை அல்ல.

லம்யொங்


சிறை மருத்துவமனை,
ஆகஸ்ட் 30

எலிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று மூக்குடைந்தவனிடம் போய் அவன் அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவன் ஆட்கள் நான்கு பேர். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைச் சுவரில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தார்கள். நான் கையைத் தூக்கவே இல்லை. விலாவில் மூன்று ஓட்டை. ஒன்று நுரையீரலைத் தொட்டுவிட்டது. சாகவில்லை. அதற்குக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு மாத்திரைகூட மிச்சம் வைத்ததில்லை என்று எழுதியிருந்தாய்.

லம்யொங், அவன் முதல் குப்பியை மட்டும்தான் விழுங்கினான்.

அவன் கையை நீ மருத்துவமனையில் பார்த்தாய். நான் வீட்டில் பார்த்தேன். ஒட்டுச்சோற்றை உருட்ட முடியாது, விரல் இடுக்கில் ரத்தம் கசியும். நடக்க முடியாமல் முழங்காலால் கழிப்பறைக்குப் போவான். நான் ஊட்டினேன். ஒரு நாள் அவன் பாதத் தோல் பாயோடு ஒட்டி உரிந்து வந்தது. உன் மாத்திரை அவனை உயிரோடு தோலுரிக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் குப்பியைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் குளத்தில் கொட்டினேன்.

"அண்ணே, குடுத்துரு. கை போனாப் போகட்டும்" என்று கெஞ்சினான். அவன் கையை முறுக்கினேன். "உன் அக்காகிட்ட வாயத் தொறந்த, அவளையும் அவ டாக்டரையும் வெட்டிப் போட்டுடுவேன்" என்றேன். என்னை அவனுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குப்பியையும் நானே கொட்டி, காலிக் குப்பியை அவன் பையில் வைத்து அனுப்பினேன். நாட்டு வைத்தியன் ஒருவனிடம் வேர் வாங்கி அவித்துக் கொடுத்தேன். கை ஆறியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு செத்துப்போனான். டாக்டர் வந்து பாதிப் பேருக்கு மாவு என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மாவாக இருந்தால் நான் கொட்டியது மாவு. அவனைக் கொன்றது நான் இல்லை. அந்த ஒரு சொல்லை உன் வாயிலிருந்து கேட்கத்தான் வந்தேன். நீ சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். தெரியாது, தெரியாது என்றே சொன்னாய்.

கம்சிங்


கோன் கேன்,
செப்டம்பர் 7

கம்சிங்,

வீட்டில் இருந்த தட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தனையையும் சுவரில் அடித்தேன். நீ முன்னால் இருந்திருந்தால் உன் குரல்வளையைக் கடித்திருப்பேன், கோணிய பல்லாலேயே. விலாவில் மூன்றுதானா குத்தினார்கள்?

செத்துக்கொண்டிருந்தவன் உன் மிரட்டலைத் தாங்கிக்கொண்டு, என்னையும் காப்பாற்றிக்கொண்டு, மருத்துவமனைக்கு வந்து என்னிடம் காலிக் குப்பியை நீட்டிச் சிரித்தானே. நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். "சமத்து" என்றேன். நாசமாய்ப் போ.

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆயிற்று. மீதியை இப்போது எழுதுகிறேன்.

டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறார், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. நான் சொன்னதைத் திட்டாமல் எழுதிக்கொண்டார். பிறகு, "மத்தவங்களும் இப்படிக் கொட்டியிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இனி கத்தி. இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயா, நீங்களும் படித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் சொல்லப்போவதைத்தான் எழுதுகிறேன். கத்தி என் கையில் இருந்தது. இறைச்சி கொத்திய கத்தி. அண்ணன் குத்தியதும் நான் விழவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் வயிற்றைப் பார்த்து வீசினேன். பயமுறுத்த அல்ல, கொல்ல. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியைப் பிடுங்கப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் டாக்டர் கையை விட்டார். கைப்பிடியில் எங்கள் இருவர் கையும் இருந்தது. யார் இழுத்ததில் அவர் கை அறுந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான்கு மாதம் நானும் சும்மா இருந்தேன். கம்பி கழன்ற பிறகும் சும்மா இருந்தேன். முதல் கடிதத்தில் உனக்கே அதை மறைத்து எழுதினேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி விசாரணை. சொல்லிவிடுவேன்.

லம்யொங்


மாகாணச் சிறை,
செப்டம்பர் 16

எலி,

பைத்தியமா உனக்கு? வாயை மூடு. என்னிடம் இழக்க என்ன இருக்கிறது? ஒரு எருமை, ஓட்டைக் கூரை. உனக்கு வேலை இருக்கிறது. உன்னையும் உள்ளே போட்டுவிட்டால் அந்த வார்டில் மஞ்சளாய்ப் படுத்துக் கிடப்பவர்களுக்கு யார் ஊசி போடுவது? நீ அன்று என்னைக் குத்த வந்தது நியாயம். கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாம். மேடையில் உன்னை மாதிரி ஆட்களைப் பத்து எண்ணுவதற்குள் படுக்க வைத்திருக்கிறேன்.

எந்த நம்பர் மருந்து, எந்த நம்பர் மாவு என்று எப்போது பிரித்துப் பார்ப்பார்கள்? மாவு என்றால் எழுது. மருந்து என்றால் எழுதவே வேண்டாம். கடிதம் வராவிட்டால் நானே புரிந்துகொள்வேன்.

இல்லை. எதுவானாலும் எழுது.

கம்சிங்


கோன் கேன்,
பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

விசாரணை நாளில் உன்னைக் கால் சங்கிலியோடு பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் கூண்டிலிருந்து "அவ பொய் சொல்றா, அவளுக்கு மூளை கலங்கிடுச்சு!" என்று கத்தினாய். காவலர் உன் வாயில் அறைந்தார். நீதிபதி உன்னை நம்பவில்லை. கொலை முயற்சிக் குற்றச்சாட்டு போய் உனக்கு மூன்று வருஷம் ஆனது. எனக்குத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஆனால் தாதி உரிமத்தை ஒரு வருஷத்துக்குப் பறித்துவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கிறேன். உலக்கையை ஓங்கும்போதெல்லாம் தாடை வலிக்கிறது. இடிப்பது பிடித்திருக்கிறது. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கும் நாளில் அது உதவுகிறது.

நேற்று மத்தியானம் டாக்டர் பிசித் கடைக்கு வந்தார். வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட எதுவும் கேட்கவில்லை.

"நம்பரப் பிரிச்சுட்டோம்" என்றார்.

நான் உலக்கையை வைக்கவில்லை.

"தாவினுக்குப் போனது மருந்துதான், லம்யொங்."

அண்ணே, எழுதிவிட்டேன். மாவு என்று எழுத ஒரு முழுத் தாளை எடுத்தேன். எழுதியும் பார்த்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மீதியையும் கேள். மொத்தக் கணக்கில் அந்த மருந்து தோற்றுவிட்டது. மருந்து வாங்கியவர்களும் மாவு வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் இருந்தார்கள். ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு டாக்டரின் ஆட்கள் ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போனார்கள். திட்டமாட்டோம், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மருந்து வாங்கிய ஐம்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் முதல் ஓரிரு குப்பிக்குப் பிறகு விழுங்கவே இல்லை. ஆற்றில், பன்றித் தொட்டியில், கூரை இடுக்கில். எல்லோருக்கும் அதே உள்ளங்கை, அதே பாதம். நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்று பயந்து காலிக் குப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் எல்லோருக்கும் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறேன்.

"அளவு அதிகம். யாராலயும் தாங்க முடியாத அளவு. அது நம்ம தப்பு" என்றார் டாக்டர். பாதி அளவில் மறுபடி தொடங்கப் போகிறார்கள். உரிமம் திரும்பி வந்ததும் என்னை வரச் சொன்னார். என்னையா என்றேன். "கைய அறுத்தவ நீயோ அவனோ, குப்பியக் கவுத்துப் பாக்க எனக்கு ஆள் வேணும். இந்தத் தடவ கையையும் விரிச்சுப் பாரு" என்றார்.

நான் கேட்டேன்: "தாவின் எல்லாத்தையும் எடுத்திருந்தா?"

"தெரியாது."

"அண்ணனுக்கு நான் எதாவது சொல்லணும் டாக்டர்."

"தெரியாதுன்னு சொல்லு. வேற எது சொன்னாலும் பொய்."

அதனால் சொல்கிறேன். தெரியாது. நீ கொட்டியது மருந்து. அது அவனைக் காப்பாற்றியிருக்குமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அறிக்கையில் தாவினை மருந்து பெற்றவர்கள் வரிசையிலேயே வைப்பார்கள். எந்தக் குப்பி கொடுக்கப்பட்டதோ அந்த வரிசை, அதுதான் விதி. பக்கத்தில் விழுங்கிய எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் குப்பியோடு நின்றது என்று அதில் திருத்தி எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பார்வையாளர் நேரம் என்று கேள்விப்பட்டேன். வருவேனா என்று இன்னும் தெரியவில்லை.

லம்யொங்


மாகாணச் சிறை,
பிப்ரவரி 24

எலிக்கு,

உன் கடிதத்தை எட்டு நாள் கையில் வைத்திருந்தேன். முதல் நாள் சுவரில் தலையை மோதினேன், நான்கு பேர் பிடித்தார்கள். பிறகு யாரையும் அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவில்லை என்று இல்லை. கை தூக்க வரவில்லை.

நீ மாவு என்று எழுதியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். நம்பிவிட்டு, வெளியே வந்ததும் உன் டாக்டரின் இன்னொரு கையையும் பார்த்திருப்பேன். எழுதாமல் விட்டது நல்லது.

அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் தப்பு இருக்கிறது. போன தடவை உன்னிடம் ஒன்றை மறைத்தேன்.

இரண்டாம் குப்பியைக் கொட்டிவிட்டு நான் எருமையை அவிழ்க்கப் போனேன். பட்டப்பகல். திரும்பி வந்தால் பாயில் அவன் இல்லை. குளத்தில் இருந்தான். இடுப்பளவு தண்ணீர். வெடித்த இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். தண்ணீரில் ரத்தம் நூல் நூலாக மிதந்தது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இறங்கி முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். முதுகில் குத்தினேன், தோளில் குத்தினேன். ஒரு மேடையில் ஒருவனை எப்படிக் குத்துவேனோ அப்படி. ஐம்பது கிலோகூட இல்லை அவன். திருப்பி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். அது எனக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. கத்துடா, கத்துடா என்று அறையக் கையை ஓங்கினேன். அப்போது பல்லைத் திறக்காமல் சொன்னான்:

"மொகத்துல வேணாண்ணே. கன்னத்துல ரெண்டு மாத்திர வச்சிருக்கேன்."

நான் விட்டுவிட்டேன். அவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து விழுங்கினான். தண்ணீர் இல்லாமல், சேற்றோடு. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

அந்த இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்.

கம்சிங்